கத்தரியில் பத்து, பலாவில் இரண்டு

நேற்றுக் காலை மூன்றாம் பையில் இருக்கும் பலா ஒட்டில் இரண்டாவது இலை விரிந்தது. கொட்டைக் கன்றின் மேல் நல்ல மரத்துக் குச்சியைச் செருகிக் கட்டி 41 நாள் ஆகிறது. முதல் இலை வந்தபோது நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை, காரணம் பிறகு சொல்கிறேன். இரண்டாவதைப் பார்த்ததும் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே போட்டுவிட்டு மாமனாருக்குப் பேசினேன்.

"எத்தனைக்கு எத்தனை?" என்றார்.

"ஒன்பதுக்கு இரண்டு மாமா."

"சித்திரையில் கட்டியதையும் சேர்த்துச் சொல்லம்மா."

சேர்த்தால் 20க்கு இரண்டு. நான் சேர்ப்பதாக இல்லை.

எரிச்சல் என்னவென்றால், இதே கை, இதே பிளேடு, கத்தரியில் 12க்கு 10 பிடித்தது. அதுவும் முதல் முயற்சியில். ஆடியில் சுண்டைக்காய் வேர்ச்செடியில் கத்தரியை ஒட்டிவிட்டு, "ஒட்டுக்கட்டுவது இவ்வளவுதானா" என்று வீட்டில் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கத்தரிக்கு ஏன் ஒட்டு என்று கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக. எங்கள் வீடு கடலூர் முதுநகரில் இருக்கிறது. கொல்லை 12 அடிக்கு 15 அடி. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும், காலையில் நிமிர்ந்து நின்ற கத்தரிச் செடி மதியம் தலையைத் தொங்கப்போட்டு, மூன்றாம் நாள் செத்துப்போகும். இலை பச்சையாகவே இருக்கும், செடிதான் இருக்காது. பாக்டீரியா வாடல். அதே மண்ணில் வேர் முடிச்சு நூற்புழுவும் உண்டு. காட்டுச் சுண்டைக்கு இந்த இரண்டையும் தாங்கும் வேர். ஆக, கீழே சுண்டை, மேலே கத்தரி.

சுண்டை விதை முளைக்க அடம்பிடிக்கும் என்பதால் அதைக் கத்தரிக்கு மூன்று வாரம் முன்னதாகவே போட்டேன். தண்டு இரண்டும் ஒரே கனத்துக்கு வந்ததும் கீழ்ச்செடியைப் பிளந்து, மேல்செடியை ஆப்பாகச் சீவிச் செருகினேன். ஒட்டிய இடம் அசையாமல் பிடிக்கும் கிளிப் என்று தபாலில் வரவழைத்தவை எல்லாம் தக்காளித் தண்டுக்கானவை போலும். கத்தரி நாற்று அதற்குள் ஆடியது. 100 கிளிப்புக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். கடைசியில் சைக்கிள் கடையில் வால்வு டியூப் ஒரு முழம் வாங்கி, அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஒரு பக்கம் கீறி மாட்டினேன். தண்டு பருக்கப் பருக்கத் தானே விரிந்துகொடுக்கிறது. ஏழு நாள் இருட்டில் மூடிவைத்தேன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம். பத்தாம் நாள் பத்துச் செடி நிமிர்ந்து நின்றன. இப்போது வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ காய் வருகிறது.

வேரைக் காப்பாற்றிவிட்டேன், நுனியைப் புழு தின்கிறது. தண்டும் காயும் துளைக்கும் அந்தப் புழுவுக்குக் கீழே சுண்டை இருந்தால் என்ன, சூரியகாந்தி இருந்தால் என்ன. வாடிய நுனியைத் தினமும் கிள்ளி, உள்ளே இருப்பதை நசுக்கிப் போடுகிறேன். அதற்கு மேல் கத்தரியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல பிள்ளை.

பலாதான் என்னைப் படுத்துகிறது.

மாமனார் வீடு பண்ருட்டிக்குப் பக்கத்தில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை ஏறியபோது அந்தப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் என்ன ஆயின என்று ஊருக்கே தெரியும். அவர் கொல்லையில் தப்பி நின்றது ஒரே மரம். அதுவும் சாய்ந்துவிட்டது, முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார். வருக்கைச் சுளை, கையில் எடுத்தால் மடங்காது. கொட்டையைப் போட்டு முளைக்கவைக்க எனக்கும் தெரியும். ஆனால் பலா அயல் மகரந்தத்தில் காய்ப்பது; கொட்டையிலிருந்து வரும் கன்று தாய் மாதிரி இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஏழெட்டு வருடம் தண்ணீர் ஊற்றிய பிறகு கூழாகச் சுளை வந்தால் யாரிடம் போய் அழுவது? ஒட்டு என்றால் அதே மரம். மூன்று நான்கு வருடத்தில் காய்.

"பாலூரில் ஒட்டுக்கன்று கேட்டுப்பார்த்து வாங்கிக்கொள்ளேன்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நியாயமான பேச்சு. கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையில் உள்ள பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான் பாலூர் 1 கத்தரியும் வந்தது, பாலூர் 1 பலாவும் வந்தது. பலா, பணிக்கன்குப்பத்து உள்ளூர் மரத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. என் கொல்லையில் சுண்டை மேல் உட்கார்ந்திருப்பது பாலூர் 1 கத்தரிதான். ஆனால் எனக்கு வேண்டியது அந்தச் சாய்ந்த மரம். அது எந்த நிலையத்திலும் கிடைக்காது.

(தனியார் நாற்றுப்பண்ணை ஒன்றில் மூன்று வருடம் முன்பு "ஒட்டுப்பலா" என்று ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து டேப்பைப் பிரித்தால் கீழே ஒட்டும் இல்லை, பிளவும் இல்லை. கொட்டைக் கன்றின் மேல் சும்மா டேப் சுற்றியிருந்தார்கள். அதனால் சொல்கிறேன், வாங்கும் இடத்திலேயே ஒட்டிய இடத்தைத் தடவிப் பாருங்கள். மேடு தட்டுப்பட வேண்டும்.)

சித்திரையில் 11 கட்டினேன். ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. இப்போது யோசித்தால் எல்லாவற்றையும் தவறாகத்தான் செய்திருக்கிறேன். வேர்ச்செடி போன வருடத்துக் கொட்டைக் கன்று, சுண்டுவிரல் கனம், முற்றியது. சித்திரை வெயில் வேறு. ஆனால் பெரிய தவறு எண்ணெய்.

பலாப்பழம் வெட்டுவதற்கு முன் கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவுவோம் அல்லவா, அந்தப் பழக்கத்தில் பிளேடுக்கும் தடவிவிட்டேன். கத்தரியில் இந்தத் தொல்லை இல்லை, அதற்குப் பால் கிடையாது. பலாத் தண்டைச் சீவிய நொடியில் வெள்ளைப் பால் பொங்கி வரும். பட்டைக்கு உள்ளே, கட்டைக்கு வெளியே, பச்சையாக வழவழவென்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறதே, மேல்குச்சியின் படலமும் கீழ்ச்செடியின் படலமும் ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டு. நடுவில் பால் உறைந்தால் பிசின் சுவர். நான் எண்ணெயும் தடவி அந்தச் சுவருக்குப் பூச்சும் பூசியிருக்கிறேன்.

இரண்டாவது தவறு நேரம். காலை ஆறு மணிக்குக் கட்டினேன். குளிர்ச்சியாக இருக்கும், குச்சி வாடாது என்ற எண்ணம். தோற்ற கதையைச் சொன்னதும் மாமனார் சிரித்தார். கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் சில காலம் வேலை பார்த்தவர் அவர்.

"ரப்பருக்கு ஏன் விடியுமுன் போய்க் கீறுகிறார்கள்? அப்போதுதான் பால் நன்றாக ஓடும். நீ பால் வேண்டாம் என்கிறாய், பால் பொங்கும் நேரமாகப் பார்த்து வெட்டுகிறாய்."

இராத்திரி முழுக்க நீரை உறிஞ்சித் தண்டு விம்மி நிற்கும், அழுத்தம் அதிகம். வெயில் ஏறி இலை நீரை விட விட அழுத்தம் குறையும். கேட்டால் எவ்வளவு எளிது. 11 கன்று போன பிறகு கேட்டேன்.

ஆவணிக் கடைசியில் கட்டிய ஒன்பதுக்கு முறையை மாற்றினேன். வைகாசியில் தின்ற பழத்தின் கொட்டையை ஈரம் காயுமுன் ஊன்றினேன். பலாக்கொட்டையை எடுத்துவைத்தால் ஒரு மாதத்தில் உயிர் போய்விடும். பலாவின் ஆணிவேர் நேராக இறங்குவது, சாதாரணப் பையில் சுருண்டுகொள்ளும். அரிசிச் சாக்குகளைக் கிழித்து 14 அங்குல உயரம், ஐந்து அங்குல அகலத்தில் நானே பை தைத்தேன். அடியில் இரட்டைத் தையல், வடிய ஆறு ஓட்டை. இப்படி ஒரு பை எந்த நாற்றுப்பண்ணையிலும் நான் பார்த்ததில்லை. இதில் மட்டும் என்னைப் பெருமைப்பட விடுங்கள்.

கட்டுவதற்குப் பத்து நாள் முன்பு மாமனார் ஏணி போட்டு ஏறி, தேர்ந்தெடுத்த குச்சிகளில் இலையை மட்டும் நறுக்கிக் காம்பை விட்டுவைத்தார். காம்பு தானே உதிரும்போது மொட்டு உப்பியிருக்கும், அதுதான் அடையாளம். கட்டும் நாள் மதியம் குச்சியை வெட்டி, வெட்டுவாயைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பால் சொட்டவிட்டு, ஈரத்துணியில் சுற்றி, நெல்லிக்குப்பம் வழியாக வரும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கை அம்மா, குழந்தையா என்று எட்டிப் பார்த்தார்.

வேர்ச்செடிகளுக்கு முந்தின நாள் தண்ணீர் கொடுக்கவில்லை. காலையிலேயே தலையை நறுக்கி, கீழே இரண்டு இலை விட்டு, பாலை ஓடவிட்டேன். மாலை நாலரை மணிக்கு அந்த இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே புதிதாக வெட்டினேன். அப்போதும் பால் வந்தது, ஆனால் பொங்கவில்லை, கசிந்தது. ஈரத்துணியால் ஒற்றினேன். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் பட்டை கிளம்பும். பிளேடை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டில் துடைத்தேன், ஒரு செடிக்கு ஒரு பக்கம். ஆப்பு ஒன்றரை அங்குலம். ஒரே இழுப்பில் சீவ வேண்டும். இரண்டாவது இழுப்பு இழுத்தால் மேடு பள்ளம் வந்துவிடும், இடையில் காற்று நிற்கும். துணியில் கத்தரி போடுகிறவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம் என்று நினைத்தேன். மூன்று குச்சிகளை வீணடித்த பிறகுதான் கை வந்தது. கட்டி முடித்ததும் ஈரம் காக்க, நீள ஐஸ் பாக்கெட் உறையைக் கழுவி மேலே குல்லாவாக மாட்டினேன்.

இனி அந்த முதல் இலை. 18ஆம் நாள் மூன்று குச்சிகளில் மொட்டு விரிந்தது. தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அவற்றில் ஒன்று அழகாக இலை விட்டு, 26ஆம் நாள் கறுத்துச் சுருங்கியது. பிரித்துப் பார்த்தேன், அடியில் ஒட்டவே இல்லை. குச்சி தன்னிடம் மிச்சம் இருந்த சாரத்தைக் கொண்டு துளிர்த்திருக்கிறது, அவ்வளவுதான். நான் இதைப் பொய்த்துளிர் என்கிறேன். மூன்றாம் பையில் முதல் இலை வந்தபோது வாய் திறக்காதது இதனால்தான். கத்தரி இப்படி ஏமாற்றாது: பிடித்தால் பத்து நாளில் நிற்கும், பிடிக்காவிட்டால் நான்கு நாளில் தொங்கும். மறுவாரமே வேறு நாற்றை எடுத்துக் கட்டலாம். பலாவில் ஒரு தவறைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம், திருத்திப்பார்க்க அடுத்த கொட்டைப் பருவம்.

மூன்றாம் பையில் இரண்டாவது இலை, ஏழாம் பையில் இரண்டாவது மொட்டு. இப்போதைக்கு நிலவரம் இதுதான்.

டேப்பைப் பிரிக்கலாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. பிரிக்காவிட்டால் தண்டை இறுக்கும், சீக்கிரம் பிரித்தால் காற்றில் ஆடி விட்டுப்போகும். 60 நாளில் பின்பக்கமாக ஒரு கீறல் மட்டும் போடலாம் என்று இருக்கிறேன். இங்கே நடுவதாக இல்லை. பலாவுக்கு வேரில் நீர் தேங்கினால் ஆகாது, 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோது கடலூர்ப் பக்கம் என்ன பாடுபட்டது என்பதைப் பார்த்தவள் நான். தையில் மாமனார் வீட்டுச் செம்மண்ணுக்குக் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் இப்போதே குழி வெட்டிவிட்டாராம்.

அதற்குள் சுண்டை மேல் தக்காளியை ஏற்றிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. இன்று காலை சுண்டை விதை 30 ஊறப்போட்டேன். வால்வு டியூப் இன்னும் அரை முழத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது. தக்காளித் தண்டு பருமன் என்றால் அந்த 100 கிளிப்பும் இந்தத் தடவையாவது உதவும்.