ஒன்பதாவது தடவையில் கம்பி ஒரே கம்பியாக நின்றது

சனிக்கிழமை காலை எடுத்த 13 படங்களையும் ராத்திரி ஹ்யூகினில் (படங்களைச் சேர்த்து ஒரே அகலப் படமாக்கும் மென்பொருள்) ஒட்டவிட்டு, முழு அளவுக்குப் பெரிதாக்கி, ஒவ்வொரு ஒட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான் ஏறி நின்று எடுத்த, பாதி கட்டிய வீட்டின் தென்மேற்குப் பில்லரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு கம்பியும், அவற்றைச் சுற்றிய ரிங்கும், ரிங்கைக் கட்டிய கட்டுக்கம்பியின் முறுக்கும் எங்கேயும் முறியவில்லை. கம்பிக்குப் பின்னால் மணிமுத்தாற்று மலை, கம்பிக்கு இடையில் பழுத்த வயல், எல்லாம் ஒரே படம். இதற்கு முந்தைய எட்டுத் தடவையும் அதே இடத்தில் கம்பி இரண்டாகப் பிளந்தோ, பாதியில் காணாமல் போயோதான் வந்தது. வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நான்காவது மனையில் ஒரு வீடு இரண்டு வருடமாகக் கட்டியும் கட்டாமலும் நிற்கிறது. கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், அதற்கு மேல் எழுப்புவதற்குக் கம்பியை விட்டு, துரு ஏறாமல் இருக்கச் சிமெண்ட் பால் அடித்து அப்படியே வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். போனில் கேட்டபோது, "ஏறிக்கோ தம்பி, கைப்பிடிச் சுவர் கிடையாது, ஓரத்துக்கு மட்டும் போயிராத" என்றார். ஓரத்திலிருந்து ஐந்தடி உள்ளே ஒரு கயிறு கட்டியிருக்கிறேன், அதைத் தாண்டுவதில்லை.

எங்கள் சொந்த மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் இரண்டு தென்னையும்தான். அந்தக் கட்டடத்தில் ஏறினால் வடமேற்கிலிருந்து தென்கிழக்கு வரைக்கும் 180 பாகைக்கு மறைப்பே இல்லை. மேற்கே பாபநாசத்து மலை, தென்மேற்கே மணிமுத்தாறு, அதற்குமேல் மாஞ்சோலைப் பக்கம், தெற்கே களக்காடு நோக்கிப் போகிற தொடர். 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலை இருக்கிற திசையில்தான் முதலில் மேகம் கட்டும். மலைக்கும் நமக்கும் நடுவில் முழுக்க வயல். இங்கே பிறந்து வளர்ந்தும் இந்தக் காட்சியை முழுதாக ஒரே பார்வையில் நான் பார்த்தது அந்தத் தளத்தில் ஏறிய பிறகுதான். அதைத் துண்டு துண்டாக எடுக்க மனசு வரவில்லை.

கம்பியை வெட்டிவிட்டு மலையை மட்டும் எடுத்தால் இத்தனை பாடு கிடையாது, மொபைலே ஒட்டிக்கொடுத்துவிடும். எனக்குக் கம்பி வேண்டும். எங்கே நின்று பார்த்தோம் என்பதைச் சொல்வது அந்தக் கம்பிதான், அது இல்லாவிட்டால் நாட்காட்டிப் படம் மாதிரி ஆகிவிடும்.

சிக்கல் என்னவென்று இந்தப் பக்கம் கை வைத்தவர்களுக்குத் தெரியும், பாரலாக்ஸ்: பார்க்கிற இடம் கொஞ்சம் நகர்ந்தாலே பக்கத்துப் பொருள் தூரத்துப் பொருளைவிட்டு விலகித் தெரிவது. என்னிடம் இருப்பது சாதாரண கிராப் சென்சார் கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும். 35 மி.மீ.யில் வைத்து, கேமராவை நெட்டாக நிறுத்தி, 15 பாகைக்கு ஒரு படம். முக்காலியின் திருகு கேமரா உடம்புக்கு அடியில் இருக்கிறது, ஆனால் திரும்பவேண்டிய அச்சு லென்ஸுக்குள் இருக்கிறது. நோடல் பாயிண்ட் என்று நாம் சொல்வது, உண்மையில் என்ட்ரன்ஸ் பியூபில், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் லென்ஸின் ஒளித்துளை தெரிகிற இடம். என் லென்ஸில் இரண்டுக்கும் நடுவில் 6.4 செ.மீ. 15 பாகை திருப்பினால் லென்ஸ் பக்கவாட்டில் ஒன்றரை செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடுகிறது. மலைக்கு அது ஒன்றுமே இல்லை. நான்கு அடி தள்ளி நிற்கிற கம்பிக்கு அது படத்தில் நூறு பிக்சலுக்கு மேல். எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் கம்பிக்குப் பின்னால் மறைந்திருந்த வயல் அடுத்த படத்தில் வேறாகத் தெரிகிறது.

முதல் நான்கு தடவை இது புரியாமலே போயிற்று. ஐந்தாவது தடவை முன்பின் தூரத்தைச் சரி செய்துவிட்டேன், ஆனாலும் கம்பி பிளந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தெரிந்தது: முக்காலித் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துத்தான் கேமராவை நெட்டாக நிறுத்தியிருந்தேன், அதனால் லென்ஸ் அச்சைவிட்டு ஒரு பக்கமாகத் தள்ளிப் போய் நின்றிருக்கிறது. முன்பின் மட்டும் பார்த்தால் போதாது, இடவலமும் அச்சுக்கு நேர் மேலே வரவேண்டும்.

அதற்கு ஒரு தகடு செய்தேன். இதற்கென்றே முக்காலியில் மாட்ட இணையத்தில் விற்கிற பனோரமா தலையின் விலையைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். அம்பாசமுத்திரத்தில் ஜன்னல் கதவு செய்கிற அலுமினியக் கடையில் வெட்டி மிஞ்சிய இரண்டு இஞ்ச் எல் ஆங்கிள் ஒரு முழம் வாங்கினேன். அடித்தகட்டில் நீளவாக்கில் ஒரு காடி, கேமரா மாட்டுகிற நெட்டுத் தகட்டில் ஒரு ஓட்டை. காடியைத் துளையிட்டுத் துளையிட்டு அரத்தால் ராவிச் சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. ஓரங்களை வழவழப்பாக ராவிவிடுங்கள், முதல் நாளே விரலைக் கிழித்தது.

போல்ட் விஷயத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு ஹார்டுவேர் கடையில் முக்காலித் திருகுக்கு போல்ட் கேட்டதற்கு 6 மில்லியைக் கொடுத்து, "இதுதான் எல்லாத்துக்கும் போடுவாங்க" என்று அடித்துச் சொன்னார்கள். ஒரு சுற்று ஏறியது, இரண்டாவது சுற்றில் இறுகியது. நல்லவேளை, பலம் கொடுக்கவில்லை. கேமராவின் அடியில் இருப்பது கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை. 6 மில்லி போல்ட்டின் மரை இடைவெளி ஒரு மில்லி, இதில் 1.27 மில்லி. பலம் கொடுத்துத் திருகியிருந்தால் கேமராவின் மரை போயிருக்கும். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லி விற்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அப்புறம் பழைய இரும்புக் கடையொன்றில் பெரியவர் ஒருவர் கேமராவின் ஓட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழைய டப்பாவிலிருந்து கால் இஞ்ச் விட்வொர்த் போல்ட் எடுத்துக் கொடுத்தார். அதுவும் இஞ்சுக்கு 20 மரைதான், மரையின் கோணம் மட்டும் கொஞ்சம் வேறு, நம் வேலைக்குப் பொருந்திவிடுகிறது. மூன்று போல்ட், இரண்டு இறக்கை நட்டு, வாஷர் எல்லாம் சேர்த்து ஒரு டீ வடைக் காசுதான் ஆயிற்று. இறக்கை நட்டை மறக்காமல் கேளுங்கள், மாடியில் ஸ்பானர் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அச்சைக் கண்டுபிடிக்கிற முறை இதுதான். பக்கத்திலிருக்கிற கம்பியும் தூரத்திலிருக்கிற செல்போன் டவரும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற மாதிரி வைத்துக்கொண்டு, கேமராவை வலப்பக்கம் திருப்பிப் பார்க்கவேண்டும். கம்பி டவரைவிட்டு இடப்பக்கம் விலகினால் கேமரா முன்னால் இருக்கிறது, பின்னுக்குத் தள்ளு. வலப்பக்கம் விலகினால் முன்னுக்குத் தள்ளு. ஐந்து மில்லியாகத் தள்ளி, அப்புறம் ஒவ்வொரு மில்லியாக. கம்பி டவரின் மேலேயே ஒட்டிக்கொண்டு கூடவே வரும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடம் கிடைத்ததும் பிளேடால் தகட்டில் கோடு போட்டுவிட்டேன். ஜூம் வளையத்தையும் ஃபோகஸ் வளையத்தையும் இன்சுலேஷன் டேப் சுற்றி இறுக்கிவிடவேண்டும், ஜூம் அசைந்தால் அச்சும் நகர்ந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு எட்டாவது தடவை அடிவானம் வில் மாதிரி வளைந்தது. முக்காலியின் குமிழ் நடுவில்தான் நின்றது. அன்றைக்குக் கட்டடத்தைப் பார்க்க வந்திருந்த கொத்தனார் அண்ணாச்சி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, ரசமட்டத்தத் திருப்பி வச்சுப் பாத்தியளா?" என்று கேட்டார். தன் பையிலிருந்த ரசமட்டத்தை எடுத்து தகட்டின்மேல் வைத்தார், குமிழைப் பார்த்தார், அப்படியே தலைகால் மாற்றித் திருப்பி வைத்தார், மறுபடியும் குமிழைப் பார்த்தார். இரண்டு தடவையும் குமிழ் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே கோட்டில் நின்றது. "இது பொய் சொல்லாது. ஒம்ம முக்காலிலதான் கோளாறு" என்றார். முக்காலியில் ஒட்டியிருந்த குமிழே கோணலாக ஒட்டியிருக்கிறது. ரசமட்டத்தை நான்கு திசையிலும் வைத்துப் பார்த்து மட்டம் செய்ததும் அடுத்த வாரமே அடிவானம் நேரானது. அவரிடமே சொல்லி ஒன்பது இஞ்ச் ரசமட்டம் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

காற்று இன்னொரு தொல்லை. ஆனி, ஆடியில் மலையில் சாரல் விழும்போது இங்கே வெறும் காற்றுதான் வரும், அந்த உயரத்தில் நிற்கவே விடாது. காலிச் சிமெண்ட் சாக்கில் அங்கே கிடந்த மணலைப் பாதி அள்ளி, முக்காலியின் நடுத்தண்டில் தொங்கவிட்டேன். சாக்கு தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் சாக்கே ஊசலாடி முக்காலியை ஆட்டும்.

மலை மேற்கே இருப்பதால் காலையில்தான் அதன் முகத்தில் வெளிச்சம் விழும். சாயங்காலம் போனால் கருப்பாக ஒரு கோடுதான். சூரியன் எழுந்த பிறகு ஒரு மணி நேரம், அவ்வளவுதான் நேரம், பத்து மணிக்கு மலை வெளிறிவிடும். சனிக்கிழமை ஆறே முக்காலுக்கு முதல் படம். கார் நெல் பாதி அறுத்து, பாதி நிற்கிறது. அம்பை 16 ரக நெல் போட்ட வயல்கள் பழுத்துத் தலைசாய்ந்து கிடக்க, பிந்தி நட்டவை இன்னும் பச்சை. அறுத்த ஒரு வயலில் வாத்துக்கூட்டம் இறங்கியிருந்தது. கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டே கவனித்தேன்: மேய்க்கிறவர் கம்பை ஒரு தடவை ஓங்கினார், சத்தமில்லாமல் அத்தனை வாத்தும் ஒரு துணியை இழுத்த மாதிரி வரப்பைத் தாண்டி அடுத்த வயலில் விழுந்தன. சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் எனக்கு வந்து சேர்ந்தது. ஆறாவது படத்தில் இந்த வயலிலும் ஏழாவது படத்தில் அந்த வயலிலும் வாத்து இருக்கிறது. ஒட்டு அவற்றுக்கு நடுவில் விழுந்ததால் ஒட்டிய படத்தில் இரண்டு கூட்டம். அதை நான் அழிக்கப் போவதில்லை.

வாத்துக்கு நேர் பின்னால் மலை அடிவாரத்தில் ஒரு துண்டு மேகம் சாக்குப்பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, நான் கடைசிப் படம் எடுக்கிறவரை அது நகரவே இல்லை. மேலே இருந்த மேகங்கள் அப்படியில்லை, ஓடிக்கொண்டே இருந்தன. ஹ்யூகின் ஒட்டுப் புள்ளிகளை மேகத்தில் கொண்டுபோய் வைத்து, மொத்தப் படத்தையும் இழுத்துவிட்டது. ஹ்யூகினோடு வருகிற செலஸ்டே என்ற கருவியை ஓட்டினால் மேகத்துப் புள்ளிகளை நீக்கிவிடும், மீதியைக் கையால் நீக்கினேன். ஒன்பதாவது படத்துக்கும் பத்தாவதுக்கும் நடுவில் வானத்தில் இன்னும் ஒரு மங்கல் கோடு இருக்கிறது. இந்த வாரம் அதைத்தான் சரி செய்யவேண்டும். இடக்கோடியில், தென்கிழக்கில், வெளிச்சம் கூடிப்போய் வெளுத்திருக்கிறது. அடுத்த தடவை நோட்டு அட்டையால் லென்ஸுக்கு மறைப்பு பிடிக்க ஒரு பையனைக் கூட்டிப் போகவேண்டும்.

முடிந்தால் அகலம் 28,000 பிக்சல் வரும். இஞ்சுக்கு 200 புள்ளி வைத்தால் 11 அடிக்கு மேல். பாளையங்கோட்டையில் ஒரு கடையில் விசாரித்தேன், ஃபிளெக்ஸில் போட்டுத் தருகிறோம் என்றார்கள். ஃபிளெக்ஸ் கல்யாண வாசலுக்குச் சரி, கட்டுக்கம்பியின் முறுக்கு அதில் தெரியாது. மூன்றாக வெட்டி, போட்டோ தாளில் அச்சிட்டு, பக்கம் பக்கமாக மாட்டலாமா என்று யோசிக்கிறேன். அளவும் விலையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இதே இடத்திலிருந்து வருடம் முழுக்க எடுக்கவேண்டும் என்பதுதான் ஆசை. ஒவ்வொரு படத்தோடும் தேதி, காற்று, அன்றைக்குப் பேப்பரில் வந்த அணை நீர்மட்டம், பாபநாசம் 143 அடிக்கு எத்தனை, மணிமுத்தாறு 118 அடிக்கு எத்தனை என்று நோட்டில் எழுதி வருகிறேன். காருக்கு அடுத்த போகமான பிசான நடவுக்குத் தண்ணீர் கட்டி வயலெல்லாம் கண்ணாடியாகிற ஒரு காலை, ஐப்பசி மழைக்கு மறுநாள் ஒன்று, மார்கழிப் பனியில் ஒன்று. முக்காலி அதே புள்ளியில் நிற்பதற்காக, நடுத்தண்டிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, குண்டின் முனை தொடுகிற இடத்தில் ஒரு கான்கிரீட் ஆணி அடித்திருக்கிறேன், கொத்தனார் அண்ணாச்சியின் அனுமதியோடுதான்.

தை பிறந்ததும் வேலை தொடங்குகிறார்களாம். பில்லர் எழும்பி மேலே சென்ட்ரிங் அடித்துவிட்டால் தெற்குப் பக்கம் சுவர் வந்துவிடும். அதுவரைக்கும் 15 சனிக்கிழமை இருக்கிறது, எண்ணிவிட்டேன். ஆணித் தலைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தாயிற்று, யாரும் பிடுங்கிவிடாதபடி சித்தாள் அக்காவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.