கைக்குத் தெரியும்

இன்று காலை கோத்தகிரியில், பக்கத்துத் தோட்டத்து அக்கா என்னோடு பேசிக்கொண்டே தேயிலைக் கொழுந்து பறித்தார்.

கண் என் முகத்தில். விரல்கள் மட்டும் இரண்டு இலை, ஒரு மொட்டு என்று கிள்ளிக்கொண்டே இருந்தன. முற்றிய இலை ஒன்றுகூடப் பையில் விழவில்லை.

"பார்க்காமலே எப்படிக்கா?"

"கைக்குத் தெரியும் கண்ணு."

கைக்கும் மூளைக்கும் நடுவே நரம்பில் ஓடும் சேதியின் வேகத்தை அளக்கவே முடியாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1850-இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் அளந்து காட்டினார்: நொடிக்குச் சுமார் 27 மீட்டர். அவருக்கு உதவியாளராக இருந்த வுண்ட், 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ்தான். பழக்கம் படிந்துவிட்டால் மனம் மேலான வேலைக்கு விடுபடும் என்று 1890-இல் எழுதினார்.

அக்கா, தன் மகளின் காலேஜ் ஃபீஸுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பனிமூட்டம் இறங்கியது. விரல்கள் நிற்கவில்லை.