மஞ்சள் பொடியும் மே மாத வெயிலும்

ரப்பர் ஆலைக்குப் புதிதாக வருபவர்கள் வாசலிலேயே மூக்கைச் சுளித்து, "கந்தக நெடி" என்பார்கள். பாவம், கந்தகத் தூள்மேல் வீண்பழி. குமட்டும் அந்த நெடியில் பெரும்பங்கு, எடைபோடும் அறையில் இருக்கும் வெளிர்மஞ்சள் பொடிக்குரியது. நாங்கள் அதை எம்.பி.டி. என்போம், முழுப்பெயர் மெர்காப்டோபென்சோதயசோல். பென்சீனோடு ஒட்டிய ஐந்து முனை வளையம். அதில் கந்தகம் ஒன்று, நைட்ரஜன் ஒன்று. கல்லூரியில் அது தேர்வுக்கு வரையும் படம். அம்பத்தூரில் ஆய்வக வேலைக்குச் சேர்ந்த பிறகு அதுவே சோறு போட்டது.

பச்சை ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைத்தால்தான் அது உறுதியாகும். சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டபடி கந்தகத்தை மட்டும் நம்பினால், 100 பங்கு ரப்பருக்கு 8 பங்கு கந்தகம் சேர்த்து 140 டிகிரியில் சுமார் ஐந்து மணி நேரம் வேகவைக்க வேண்டும். இந்த வேலையை வேகப்படுத்தும் எம்.பி.டி.யின் திறமை 1921இல் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் தனித்தனியே வெளிவந்தது. துத்தநாக ஆக்சைடும் ஸ்டீயரிக் அமிலமும் துணையிருக்க, இதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும். வேலை நிமிடங்களில் முடிந்துவிடும்.

வேகம்தான் அதன் குணம், அதுவே குறையும். அச்சுக்குள் போவதற்கு முன்பே, உருளைகளுக்கிடையே ரப்பரைக் கலக்கும் மில்லின் சூட்டிலேயே வேலையைத் தொடங்கிவிடும். அதனால் அவசரப்படாத சி.பி.எஸ். என்ற மருந்து வந்தது. அதே வளையம்தான், வளையத்துக்கு வெளியே ஒட்டியிருக்கும் கந்தகத்தில், நைட்ரஜன் கொண்ட ஓர் அமீன் வால் கோத்திருக்கும். சூட்டில் அந்தப் பிணைப்பு அறுந்து எம்.பி.டி. வெளிப்படும்வரை கலவை பொறுமையாக இருக்கும். ரப்பர் வேக வேக எவ்வளவு இறுகுகிறது என்று கோடாக வரைந்து காட்டும் ரியோமீட்டரில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: ரப்பர் இளகுவதால் கோடு முதலில் இறங்கும், கொஞ்ச நேரம் படுத்தே கிடக்கும், பிறகு விறுவிறுவென ஏறும். அந்தப் படுத்த பகுதிக்குத்தான் நாங்கள் காசு கொடுக்கிறோம் என்பேன்.

மே மாதத்தில் அதுவும் சுருங்கிவிடும். கலவைத் தாள்களைச் சூடு ஆறும் முன்பே அடுக்கி, பாய்லர் பக்கத்துச் சுவரோரம் விட்டுவிடுவார்கள். ஒருநாள் மில் ஆபரேட்டர் முருகண்ணன் கூப்பிட்டார்: "சார், இதைப் பாருங்க." உருளையில் வழவழவென்று படிய வேண்டிய தாள், ரவை தூவியதுபோல் பொருபொருவென்று வந்தது, ஓரம் கிழிந்து தொங்கியது. நகத்தால் அழுத்தினார், பள்ளம் மீண்டுவிட்டது. "இது போச்சு" என்றார், அச்சுக்குப் போகும் முன்பே வேகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அரைமணி நேரம் கழித்து என் கருவியும் அதையே சொன்னது. உற்பத்திப் பிரிவோ வழக்கம்போல மருந்தின் தரத்தைச் சந்தேகித்தது. அடுக்கி வைத்த இடத்தை மாற்றியதும் சந்தேகம் தீர்ந்தது.

என்னை உண்மையில் உறுத்துவது தூசிதான். எம்.பி.டி. தோல் ஒவ்வாமை தரும். ரப்பர் செருப்பால் வரும் படைக்குத் தோல் மருத்துவர்கள் இதை வைத்தும் ஒட்டுச் சோதனை செய்வார்கள். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் இதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்' என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. கையுறை போடச் சொல்வது சுலபம். எடைபோடுபவர் போடலாம், மில்லில் நிற்பவரின் கையுறை உருளைகளுக்கிடையே சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். பொடிக்குப் பதில், ரப்பரில் பிணைத்த குருணையாக வாங்கினால் தூசி பறக்காது. கிலோ விலையைப் பார்த்துக் கொள்முதல் பிரிவு முகம் சுளித்தது. தரையில் கொட்டி வீணாகும் பொடியையும் கணக்கில் எழுதிக் காட்டிய பிறகு சி.பி.எஸ்.ஸுக்கு மட்டும் சம்மதித்தது. எம்.பி.டி. இன்னும் மூட்டையில்தான் வருகிறது.