தாய்வழியில் வந்த கணக்கு

டர்பனில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை செய்த காலத்தின் பெரும்பகுதி, நாட்பட்ட கிரானுலோமா நோய் என்ற ஒரே பரம்பரைக் குறைபாட்டைப் பின்தொடர்வதில் கழிந்தது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் இந்நோயில், நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் கிருமிகளை வழக்கம்போல விழுங்கினாலும், விழுங்கியதைக் கொல்ல வேண்டிய நொதி அவற்றில் இயங்குவதில்லை. 1950களில் இதை முதலில் விவரித்த மருத்துவர்கள் உயிர்கொல்லி நோய் என்றே குறிப்பிட்டார்கள். ஆண் பிள்ளைக்குத் தாயிடமிருந்து மட்டுமே வரும் எக்ஸ் குரோமோசோமில் இதற்குக் காரணமான மரபணு 1986-இல் கண்டறியப்பட்டது.

தென்னாப்பிரிக்காவில் குழந்தை பிறந்ததும் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி போடப்படுகிறது. அதில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைந்த கிருமி என்பதால், இக்குறைபாடுள்ள குழந்தைக்கு ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டிச் சீழ் பிடிப்பதே சில வேளைகளில் முதல் அறிகுறியாகிவிடுகிறது.

வெள்ளணுக்களில் சாயம் ஏற்றி, அவற்றைத் தூண்டிவிட்டு, அவை ஒளிர்கின்றனவா என்று பார்ப்பதுதான் எங்கள் சோதனை. நியூட்ரோஃபில்கள் நெடுநேரம் உயிரோடு இருப்பவை அல்ல. வெளியூரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்த ஒரு குழந்தையின் இரத்தம் ஒளிராததைக் கண்டு, நோய் இருக்கக்கூடும் என்று நான் அறிக்கை எழுதினேன். புதிதாக எடுத்த இரத்தத்தில் எந்தக் குறையும் இல்லை. இடைப்பட்ட அந்த நாட்களை அந்தத் தாய் எப்படிக் கழித்திருப்பார் என்பதை நான் மறக்கவில்லை. அதன் பிறகு, உடல்நலமுள்ள ஒருவரின் இரத்தத்தையும் அதே வேளையில் எடுத்து, அதே பெட்டியில் வைத்து அனுப்பாத எந்த மாதிரிக்கும் நான் முடிவு எழுதியதில்லை.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நாங்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துவந்த ஒரு குடும்பத்தில், சிறுவனின் அணுக்கள் ஒளிரவில்லை. அவன் தாயின் அணுக்களில் ஒரு பகுதி ஒளிர்ந்தது, ஒரு பகுதி இருண்டிருந்தது. அவர் நோயைச் சுமப்பவர், நோயாளி அல்லர். இதற்கு முந்தைய தலைமுறையை அறிய எங்களுக்கு எழுத்துச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து, டர்பன் அமைந்துள்ள நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்களில் எண், பெயர், தந்தை பெயர், ஊர், உயரம், உடல் அடையாளம் எல்லாம் உண்டு. தாய் பெயருக்கு இடமில்லை. நாங்கள் தேடிய நோயோ தாய்வழியில் வருவது.

ஆகவே அந்தச் சிறுவனின் ஆயாவிடம், அவன் தாயைப் பெற்றவரிடம், கேட்டேன். "எனக்கு ரெண்டு தம்பிங்க இருந்தாங்க கண்ணு, ரெண்டும் நடக்கிற வயசுலயே சீழ் கட்டிப் போயிடுச்சு" என்றார். தன்னால்தான் பேரனுக்கு இப்படி ஆயிற்றோ என்று அவர் கேட்டபோது, பிறக்கும்போதே உடலில் இருந்த ஒன்றுக்கு எவரும் பொறுப்பாக முடியாது என்று, எனக்குத் தெரிந்த தமிழில், இரண்டு மூன்று முறை சொன்னேன்.

வம்ச வரைபடத்தில் இரண்டு சதுரங்கள் வரைந்து, இறந்தவர்கள் என்பதற்கான குறுக்குக்கோடு இட்டேன். தம்பிகளின் பெயர்களை எழுதவில்லையா என்று ஆயா கேட்டார். ஆய்வு வரைபடத்தில் பெயர் எழுதுவது வழக்கமில்லை. அவரிடம் கொடுத்த பிரதியில் மட்டும், அவர் சொல்லச் சொல்ல, சதுரங்களுக்குக் கீழே இரண்டு பெயர்களையும் தமிழில் எழுதினேன்.