மறதி, மூட்டம், மாதவிலக்கு: என் அனுபவம்

48 வயதில் எனக்குப் பெயர்கள் மறக்க ஆரம்பித்தன. கணக்குப் பிரிவில் வேலை. வருடக்கணக்காகப் பழகிய சப்ளையரின் பெயர் தொண்டை வரைக்கும் வரும், வெளியே வராது. ஜிஎஸ்டி கணக்கில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். மூளையில் மூட்டம் போட்டது போல இருக்கும். அம்மாவுக்கு முதுமையில் மறதி நோய் வந்திருந்ததால் எனக்குள் பயம்.

இன்னொரு பக்கம் கோபம். மகள் சோபாவில் சாக்ஸைப் போட்டதற்குக் கத்திவிட்டு, உடனே குளியலறையில் போய் அழுதேன். நடு இரவில் உடம்பு திகுதிகுவென்று எரிந்து நைட்டி நனைந்துவிடும். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் யாருக்குத்தான் வேர்க்காது? அதனால் அதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

முதலில் போன கிளினிக்கில் வேலை அழுத்தம் என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். மாதவிலக்கு பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அப்புறம் பலதுறை மருந்தகத்துக்கு, அதாவது அரசு பாலிகிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். “இரண்டு மாதம் வராது, வந்தால் கொட்டித் தீர்க்கும்” என்றதும் தூக்கம், வேர்வை, மனநிலை என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார்.

தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவையும் மூளையை இப்படி மந்தமாக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க ஒன்பது கேள்விகள் கொண்ட படிவமும் உண்டு. ஹார்மோன் அளவைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். 45 வயதுக்கு மேல் அறிகுறிகளே போதும், அந்த அளவு நாளுக்கு நாள் மாறும் என்றார். என் பெரிய பயத்தையும் கேட்டுவிட்டேன். “மறந்த பெயர் பிறகு நினைவுக்கு வருகிறதா? தெரிந்த வழியில் தடுமாறுகிறீர்களா?” என்று விசாரித்தார். பெயர் வந்துவிடும், வழி தப்பியதில்லை. இது மறதி நோயின் சாயல் இல்லை, மாதவிலக்கு நிற்கப்போகும் பருவத்தின் மாற்றம் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் வேலை கருப்பையோடு நிற்பதில்லை, நினைவு, மனநிலை, தூக்கம் சம்பந்தப்பட்ட மூளைப் பகுதிகளிலும் அது வேலை செய்கிறது. தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்கு முந்தைய வருடங்களில் இந்த ஹார்மோன் தாறுமாறாக ஏறி இறங்கும். மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுவதும் அப்போதுதான். இரவு வேர்வை தூக்கத்தையும் கெடுத்தால் மறுநாள் மூளை எப்படி ஓடும்?

பரிந்துரைக் கடிதத்தோடு கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்குப் போனேன். ஹார்மோன் சிகிச்சை என்றதும் எனக்குத் தயக்கம். புற்றுநோய் வரும் என்று எல்லாரும் சொல்கிறார்களே. அந்தப் பயத்துக்குப் பெரிய காரணம் 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63, என்னைவிட மிகவும் மூத்தவர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆபத்தே இல்லை என்று டாக்டர் சொல்லவில்லை. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி எதுவும் வந்ததுண்டா என்று கேட்டு, ரத்த அழுத்தம் பார்த்து, மாமோகிராம் எடுத்த பிறகே தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் இரவில் போடும் புரோஜெஸ்டரோன் மாத்திரையும் எழுதினார். கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் அதன் உட்சுவர் தடித்துவிடும் என்பதால் இரண்டும் தேவை. நினைவாற்றலுக்காக மட்டும் இதைக் கொடுப்பதில்லை என்றும் தெளிவாகச் சொன்னார்.

மாமியாரிடம் சொன்னேன். “எங்க காலத்துல இதுக்கெல்லாம் யாரு டாக்டர்கிட்ட போனா?” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, “அப்போ எனக்கும் யாரப் பாத்தாலும் எரிச்சலாதான் வரும், காரணமே தெரியாது” என்றார்.

முதலில் தூக்கம் சரியானது, அதன் பிறகு கோபம். பெயர்கள்தான் மெதுவாக வருகின்றன. பெரும்பாலானவர்களுக்கு இந்த மூட்டம் காலப்போக்கில் விலகும் என்கிறார்கள். மனநலப் பேச்சு சிகிச்சையும் சிலருக்கு உதவுமாம், மாத்திரை வேண்டாம் என்பவர்கள் கேட்டுப் பார்க்கலாம். டாக்டரிடம் போகும்போது தூக்கம், மறதி, மாதவிலக்கு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். பலதுறை மருந்தகக் கடிதத்தோடு மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும்.