பொட்டாஷ் சேறும் ஒரு மணற்கல்லும்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

மார்ச் 4, செவ்வாய்

பின்வாசலுக்கு அப்பால் செம்பனை. கணினித் திரையில் திரங்கானு கடலடி மயோசீன் மணற்கல். அங்கே தோண்டிய கிணற்றின் மணலில் களிப்பாறை எவ்வளவு என்று கணிக்க வேண்டும். பாறையின் இயற்கைக் கதிர்வீச்சை அளந்து களியைக் காட்டும் காமா பதிவு அடம்பிடிக்கிறது. சுத்தமான மணலுக்கு 40 ஏபிஐ (காமா அளவின் அலகு), களிப்பாறைக்கு 120 என்று பக்கத்துக் கிணற்றின் எல்லைகளைக் கொடுத்திருக்கிறார்கள். நம் மணலோ 80 காட்டுகிறது. நேர்க்கோட்டுக் கணக்கில் பாதிக்குப் பாதி களிப்பாறை! லாரியோனோவ் 1969இல் இளம்பாறைகளுக்குத் தந்த சூத்திரத்தில் 22 விழுக்காடு. அதையும் நம்ப மனம் வரவில்லை.

மார்ச் 5, புதன்

அடர்த்தி, நியூட்ரான் பதிவுகளைப் பக்கத்தில் வைத்தேன். நியூட்ரான் கருவி ஹைட்ரஜனைத்தான் பார்க்கும்; களியோடு ஒட்டிய நீரையும் துளையில் உள்ள நீராகவே எண்ணிவிடும். களி கூடக் கூட இரண்டும் காட்டும் துளைமை (பாறையில் துளைகளின் பங்கு) விலகும். இங்கே நியூட்ரான் துளைமை 24 விழுக்காடு; அடர்த்தி 2.32, அதாவது துளைமை 20. இடைவெளி வெறும் 4. களிப்பாறையில் நியூட்ரான் 42, அடர்த்தி 10, இடைவெளி 32. ஆக, எட்டில் ஒரு பங்குதான் களிப்பாறை. அதிலும் எல்லாம் களியல்ல, பொடிக் குவார்ட்ஸும் உண்டு. காமாவுக்கு மட்டும் என்ன கோபம்?

மார்ச் 7, வெள்ளி

அப்பா தோட்டத்து ஸ்டோரில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். துளையிடல் அறிக்கையை எட்டிப் பார்த்து, "பொட்டாசியம் குளோரைடா? செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் ஆயிற்றே! கடலில் அதற்கு என்ன வேலை அம்மா?" என்றார். களி ஊதிக் கிணற்றை நெரிக்காதிருக்கத் துளையிடும் சேற்றில் கலப்பார்கள் என்றேன். சொல்லி முடிக்கும்போதே பொறி தட்டியது. இயற்கைப் பொட்டாசியத்தில் 0.012 விழுக்காடு பொட்டாசியம்-40. அதுவும் காமாக் கதிர் விடும். அது பாறையிலிருந்து வருகிறதா, சேற்றிலிருந்து வருகிறதா என்று சாதாரணக் காமா கருவிக்குத் தெரியாது. பக்கத்துக் கிணற்றைத் தோண்டியது பொட்டாஷ் இல்லாத எண்ணெய்ச் சேற்றில்; அதன் எல்லைகள் இங்கே பொருந்தா.

மார்ச் 10, திங்கள்

எல்லைகளை இந்தக் கிணற்றிலேயே எடுத்தேன்: 55, 135. லாரியோனோவ் இப்போது 10 என்கிறார், அடர்த்தி–நியூட்ரான் 12.5. சண்டை தீர்ந்தது. களிப்பாறையின் பங்கைக் கழித்த பயனுள்ள துளைமை 18.75, பழைய நேர்க்கோட்டுக் கணக்கில் 15 ஆகியிருக்கும். மற்றவை மாறாவிட்டால் எண்ணெய் இருப்பு கால் பங்கு கூடுகிறது. சில்லறை விஷயமா இது?

மேலேயுள்ள வாயு அடுக்குதான் தலைவலி. வாயு நியூட்ரானைத் தாழ்த்திவிடும், களி ஒளிந்துகொள்ளும். அங்கே காமாவை விட்டால் கதியில்லை, பொட்டாசியம் உள்ள மைக்கா கலந்திருந்தால் அதுவும் ஏமாற்றும். பொட்டாசியத்தை விட்டு, களியோடு வரும் தோரியத்தைத் தனியே காட்டும் நிறமாலைக் காமா பதிவு இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். நாளை பதில் வராவிட்டால் தொலைபேசியில் பிடிக்க வேண்டும்.