காப்பு என்றால் கையில் கட்டுவதும்தான்

ஆடியில் சேலத்து மாரியம்மன் கோயில்களில் காப்பு கட்டினால் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பார்கள். தீங்கு உள்ளே வராது, கட்டியவரும் வெளியே போக முடியாது. மின்காப்புக்கும் இதே குணம்தான்: மின்சாரத்தைத் தன் பாதைக்குள்ளேயே நிறுத்தி வைப்பது.

வாட்டர் ஹீட்டர் ராடையே பாருங்கள். உள்ளே மின்சாரம் பாய்ந்தால் சூடாகும் நைக்ரோம் கம்பிச் சுருள், வெளியே உலோகக் குழாய், நடுவில் இறுக்கி அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு தூள். நம்ம சேலத்து வெள்ளைக்கல்லை (மேக்னசைட்) சுட்டால் கிடைப்பதும் இதே சேர்மம்தான் (ராடுக்கு இன்னும் தூய்மையான ரகம் வேண்டும்). வெப்பத்தை விடும், மின்சாரத்தை விடாது. கண்ணாடிக் கம்பளியோ வெப்பத்தையே மறிக்கும். எல்லாவற்றையும் மறிப்பது நல்ல காப்பு ஆகாது. ராடில் கண்ணாடிக் கம்பளியை அடைத்தால் சுருளே கருகிவிடும்.

இந்தத் தூளுக்கு எதிரி ஈரம். ஏற்காட்டு மழைக்காலத்தில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் ராடில், முனை அடைப்பு விரிசல் விட்டிருந்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். போட்டதும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். அந்தச் சுவிட்சைக் குறை சொல்லி, அதைத் தவிர்த்து நேர் இணைப்பு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது தற்கொலை. பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி, 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) லைன் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே அளக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் தண்ணீரில் போடாதீர்கள். குழாயில் ஓட்டை, வீக்கம் தெரிந்தால் தூக்கி எறியுங்கள்.